ஏழு பிட் போதும்

வீட்டில் டிரில் மெஷினை முதன்முதலாகக் கையில் எடுப்பவர் போடும் முதல் ஓட்டை பெரும்பாலும் திரைச்சீலைக் கம்பிக்குத்தான். வீட்டிலேயே கடினமான ஓட்டையும் அதுதான். ஜன்னலுக்கு நேர் மேலே இருப்பது லிண்டல், கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட். ஜன்னலின் இரு பக்கமும் அரை அடி அளவுக்குச் சுவருக்குள் நீண்டிருக்கும். சில வீடுகளில் சுவர் முழுக்கப் பட்டையாகவே ஓடும். மெஷினோடு இனாமாக வந்த பிட்டை வைத்து அழுத்தினால் பூச்சு மளமளவென்று போகும். ஒரு சென்டிமீட்டர் தாண்டியதும் பிட் அப்படியே நின்றுவிடும். இன்னும் அழுத்தினால் நுனி கறுக்கும், கருகல் வாடை வரும். மெஷின் மட்டம் என்று பழி போட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுவார்கள். வந்தவர் அதே மாதிரி மெஷினில் வேறு பிட்டை மாட்டி இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டுப் போவார்.

பிட் வாங்குவதில் காசு வீணாவது இந்த இடத்தில்தான். கடையில் தங்க நிறத்தில் மின்னும் பிட்டுகள் அடுக்கிய பெட்டி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 1 மி.மீ.யிலிருந்து 10 மி.மீ. வரை வரிசையாக இருக்கும். அதில் முக்கால்வாசி அளவுகளை வீட்டில் ஒருவரும் தொடவே மாட்டார்கள். தொடுகிற இரண்டு மூன்று அளவுகள் முதல் மாதத்திலேயே மழுங்கிவிடும். அதே காசுக்கு உதிரியாக ஏழு நல்ல பிட் வாங்கிவிடலாம். சுவருக்கு 6 மி.மீ. இரண்டு, 8 மி.மீ. ஒன்று. இரும்புக்கும் மரத்துக்கும் பொதுவாக 3 மி.மீ. இரண்டு, 5 மி.மீ. ஒன்று. டைலுக்கு 6 மி.மீ. ஒன்று. மற்றதெல்லாம் வேலை வரும்போது அந்த வேலைக்கு மட்டும் வாங்கினால் போதும்.

சுவருக்கு ஏன் 6 மி.மீ.யில் இரண்டு? ஒன்று செங்கல்லுக்கு, இன்னொன்று கான்கிரீட்டுக்கு மட்டும். கான்கிரீட்டில் அடிபட்டு மூலை தேய்ந்த பிட் செங்கல்லில் இன்னும் வருஷக்கணக்கில் ஓடும். புதியதைச் செங்கல்லில் தேய்த்துவிட்டு கான்கிரீட்டுக்குக் கொண்டுபோனால் நுழையாது. அதனால் கான்கிரீட் பிட்டின் தண்டில் சிவப்பு டேப் ஒரு சுற்று சுற்றி வையுங்கள்.

சுவர் பிட்டும் இரும்பு பிட்டும் தூரத்தில் பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும், வேலை செய்யும் விதம் வேறு. சுவர் பிட்டின் தண்டு சாதா எஃகு. நுனியில் மட்டும் டங்ஸ்டன் கார்பைடு வில்லை ஒன்றைப் பற்றவைத்திருப்பார்கள். அந்த வில்லை தண்டைவிடக் கொஞ்சம் அகலமாக, இரு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும். இது வெட்டுவதில்லை, குத்தி நொறுக்குகிறது. இரும்பு பிட் ஹை ஸ்பீடு ஸ்டீல். பிட் மேலேயே ஹெச்.எஸ்.எஸ். என்று பொறித்திருக்கும். நுனி முதல் அடிவரை ஒரே உலோகம், கூர்மையான இரண்டு உதடுகளால் சீவி எடுக்கும். இதைச் சுவரில் வைத்தால் செங்கல் வரை போக வேண்டியதில்லை, பூச்சிலேயே முடிந்துவிடும். பூச்சில் இருக்கும் மணலின் குவார்ட்ஸ் எஃகைவிடக் கடினம். சில நொடிகளில் உதடு வட்டமாகிவிடும். பிறகு அந்தப் பிட் மரத்துக்குக்கூட உதவாது.

சுவர் பிட் வாங்கும்போது நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வில்லை நடுவில் உட்கார்ந்திருக்கிறதா, இரு பக்கமும் சமமாகத் துருத்தியிருக்கிறதா, பற்றவைத்த கோட்டில் இடைவெளியோ கருப்புப் புள்ளியோ இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. ஒரு பக்கம் சாய்ந்த வில்லை 6 மி.மீ. என்று சொல்லி 7 மி.மீ. ஓட்டை போடும். ஸ்க்ரூ பிடிப்பதற்காக ஓட்டைக்குள் செருகும் நைலான் பிளக் உள்ளே கடகடவென்று ஆடும். வெர்னியர் அளவுகோல் இருந்தால் அளக்கலாம். சுவர் பிட்டின் நுனி எழுதியிருக்கும் அளவைவிடச் சற்று பெரிதாக இருப்பது இயல்புதான். 6 மி.மீ. பிட் 6.4 வரையும், 8 மி.மீ. பிட் 8.45 வரையும் இருக்கலாம், அதற்குமேல் கூடாது. வில்லை தண்டோடு சமமாக வழித்துக்கொண்டு இருந்தால் அதை வாங்கவே வேண்டாம். தூள் வெளியே வர வழியில்லாமல் ஓட்டைக்குள் இறுகிக்கொள்ளும்.

தண்டின் அடியையும் பாருங்கள். வீட்டில் பலரிடம் இருப்பது, பிட்டைக் கவ்வும் வாயான சக்கைச் சாவி போட்டு இறுக்கும் 13 மி.மீ. இம்பாக்ட் டிரில். அதற்கு உருண்டைத் தண்டு வேண்டும். அடியில் பள்ளம் வெட்டிய 10 மி.மீ. தண்டு எஸ்.டி.எஸ். பிளஸ் வகை, ரோட்டரி ஹேமர் என்ற, பலமாக அடிக்கும் வேறு மெஷினுக்கு மட்டுமானது. ஆன்லைனில் படத்தைப் பார்த்து மாற்றி வாங்குவது அடிக்கடி நடக்கிறது. எஸ்.டி.எஸ். பிட்டைச் சாதா சக்கில் எப்படியோ இறுக்கிவிட முடியும். ஆனால் பள்ளத்தில் தாடை சரியாகப் பிடிக்காமல் பிட் ஆடும், சக்கும் கெடும். ஆறு பட்டைத் தண்டு, அதாவது கால் இஞ்ச் ஹெக்ஸ், பேட்டரி ஸ்க்ரூடிரைவரில் மாட்ட வசதியானது. சாதா சக்கிலும் நிற்கும், வழுக்காது.

இனி சுவர். முதல் ஓட்டையில் வரும் தூளின் நிறம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். முதல் 12 முதல் 15 மி.மீ. வரை வருவது சிமென்ட் பூச்சு, எந்தச் சுவரானாலும் சாம்பல் நிறத் தூள்தான். அதன் பிறகு சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் தூளாகவே வந்து, பிட்டும் தடையில்லாமல் போனால் சாம்பல் செங்கல் அல்லது சிமென்ட் பிளாக். சாம்பல் தூள் கொஞ்சமாக வந்து பிட் முனகினால் கான்கிரீட். வெளிறிய மாவு போலக் கொட்டினால் ஏ.ஏ.சி. பிளாக், காற்றுக்குமிழி நிறைந்த எடை குறைந்த கல். பாதி வழியில் கை சட்டென்று உள்ளே போய்விட்டால் ஹாலோ பிளாக்கின் பொந்து.

செங்கல்லுக்கு விலை குறைந்த பிட்டே போதும், இதில் தயங்க வேண்டியதில்லை. நாட்டுச் செங்கல் மென்மையானது. மெஷினில் சுத்தியல் படம் போட்ட குமிழ், பிட்டைச் சுற்றும்போதே அடிக்கவும் வைக்கும்; அதை இதில் முழுக்கப் பயன்படுத்தினால் ஓட்டை கிண்ணம்போல அகன்றுவிடும். பூச்சைச் சுற்றலில் மட்டும் கடந்து, செங்கல் வந்ததும் தேவைப்பட்டால் மட்டும் சுத்தியலைப் போடுங்கள். ஏ.ஏ.சி.யிலும் ஹாலோ பிளாக்கிலும் சுத்தியல் கூடவே கூடாது. ஹாலோ பிளாக்கின் ஓடு மெல்லியது. அடி விழுந்தால் உள்பக்கம் பெயர்ந்து பொந்துக்குள் விழும், பிளக் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது.

ஓட்டையின் அளவைப் பிளக்தான் முடிவு செய்கிறது, ஸ்க்ரூ அல்ல. 6 மி.மீ. பிளக்குக்கு 6 மி.மீ. பிட், 8-க்கு 8. வழக்கமான 6 மி.மீ. நைலான் பிளக் 30 மி.மீ. நீளம், ஓட்டை 40 மி.மீ. ஆழம் வேண்டும். கூடுதல் 10 மி.மீ. எதற்கென்றால், அடியில் தங்கும் தூளுக்கும் பிளக்கைத் தாண்டி நீளும் ஸ்க்ரூ நுனிக்கும் இடம் வேண்டுமே. இதற்கு 4 முதல் 5 மி.மீ. ஸ்க்ரூ பொருந்தும். கடையில் 8 நம்பர் என்று கேட்டால் வருவது ஏறக்குறைய 4.2 மி.மீ. கனம். 8 மி.மீ. பிளக் 40 மி.மீ. நீளம், அதற்கு 50 மி.மீ.க்கு மேல் ஆழம். இங்கேதான் பூச்சுக் கணக்கு வருகிறது. 30 மி.மீ. பிளக்கைச் சுவர் மட்டத்துக்கு அடித்து நிறுத்தினால் அதில் ஏறக்குறைய பாதி பூச்சில்தான் நிற்கும். படம், கடிகாரம் தாங்கும். புத்தக அலமாரி, சமையலறைத் தட்டு என்றால் ஒரு மாதத்தில் பூச்சோடு பெயர்ந்து வரும். பாரம் ஏற்றும் எதற்கும் 8 மி.மீ. பிளக்தான், அதையும் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் தள்ளிவிட்டு, அந்த அளவுக்கு ஸ்க்ரூவை நீளமாக எடுங்கள். ஆழத்துக்கு பிட்டில் மாஸ்கிங் டேப் சுற்றிக்கொள்ளலாம். ஓட்டை போட்டதும் உள்ளே இருக்கும் தூளை ஒரு ஸ்ட்ராவால் ஊத வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு. கண்ணாடி போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

தூளுக்கு ஒரு பழைய உபாயம் உண்டு. ஓட்டைக்குக் கீழே பழைய கவர் ஒன்றை வாய் திறந்தபடி டேப்பால் ஒட்டிவிட்டால் பெரும்பாலான தூள் அதற்குள் விழும், தரையைப் பெருக்க வேண்டியிராது.

இப்போது மறுபடி லிண்டலுக்கு. முதல் யோசனை, அங்கே ஓட்டை போடாமலே தப்பிப்பது. லிண்டலின் உயரம் வழக்கமாக ஆறு இஞ்ச்தான். திரைக் கம்பியின் கொக்கியை ஜன்னலிலிருந்து எட்டு ஒன்பது இஞ்ச் உயர்த்தினால் செங்கல் வந்துவிடும். திரை நீளமாகத் தொங்குவது பார்க்கவும் நன்றாக இருக்கும். அதற்கு மேல் பரணோ பீமோ இருந்தால் மட்டும் இந்த வழி அடைபடும்.

தப்ப முடியாதபோது நல்ல பிட்டும் பொறுமையும்தான் வழி. இம்பாக்ட் டிரில்லின் சுத்தியல் நிமிடத்துக்கு 40,000-க்கு மேல் அடிக்கும், ஆனால் ஒவ்வொன்றும் செல்ல அடி. ரோட்டரி ஹேமர் நிமிடத்துக்கு 4,000, 5,000 முறைதான் அடிக்கும், ஒவ்வொன்றும் சம்மட்டி அடி. கான்கிரீட்டில் 6 மி.மீ. ஓட்டையை இம்பாக்ட் டிரில் போட்டுவிடும், 8 மி.மீ.க்கு மூச்சு வாங்கும், 10 மி.மீ. என்றால் விட்டுவிடுங்கள். ஐந்தாறு பெரிய ஓட்டைகள் இருந்தால் ஒரு நாள் வாடகைக்கு ரோட்டரி ஹேமர் எடுத்து, ஒரே ஒரு எஸ்.டி.எஸ். பிட் வாங்குவது எல்லா வகையிலும் மலிவு. அதற்காக மெஷினே வாங்குவது வீண்.

இம்பாக்ட் டிரில்லால் போடும்போது 15, 20 நொடிக்கு ஒரு முறை பிட்டை வெளியே இழுத்துத் தூளைக் கொட்டவிடுங்கள். சுற்றிக்கொண்டிருக்கும்போதே இழுக்க வேண்டும். நிறுத்திவிட்டு இழுத்தால் சிக்கும். பிட்டைக் கொல்வது உள்ளே அடைபட்ட தூள் ஏற்றும் சூடுதான். சூடு ஏறினால் வில்லையைப் பிடித்திருக்கும் பற்று இளகி, வில்லை ஓட்டைக்குள்ளேயே கழன்று நிற்கும். அதன் பிறகு வேறு எந்தப் பிட்டும் அதைத் தாண்டாது, ஓட்டையை இடம் மாற்ற வேண்டியதுதான். சூடான பிட்டைத் தண்ணீரில் முக்கிச் சுள்ளென்று ஆறவைப்பது இன்னும் மோசம், கார்பைடு விரிசல் விட்டு அடுத்த ஓட்டையில் சில்லாகப் பெயரும். காற்றில் ஆறவிடுங்கள். கான்கிரீட்டுக்கென்றே இரண்டு 6 மி.மீ. பிட் இருந்தால் மாற்றி மாற்றி ஓட்டலாம்.

திடீரென்று ஒலி மாறி ‘கிர்ர்’ என்று உலோகச் சத்தம் வந்து, தூளில் வெள்ளியாய் ஏதோ மின்னினால் கம்பியில் இடித்துவிட்டீர்கள். லிண்டலில் கம்பி மேற்பரப்பிலிருந்து 20, 25 மி.மீ. உள்ளேதான் கிடக்கும், உங்கள் ஓட்டையின் பாதி வழியில். அழுத்தாமல் உடனே நிறுத்துங்கள். பெரும்பாலோர் பக்கவாட்டில் ஒரு இஞ்ச் தள்ளி மறுபடி போடுவார்கள், மறுபடி இடிக்கும். லிண்டலில் பிரதானக் கம்பி படுக்கையாக ஓடுகிறது. பக்கவாட்டில் எவ்வளவு தள்ளினாலும் அதே கம்பிதான் எதிரே வரும். மேலேயோ கீழேயோ ஒரு இஞ்ச் நகர்த்த வேண்டும். தூணில் இதற்கு நேர்மாறு, அங்கே கம்பி நெட்டுக்குத்தாக நிற்கும், ஆகவே பக்கவாட்டில் நகருங்கள்.

இன்னொன்று, சொல்லச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நல்ல பிட்டுகள் பல இதில்தான் போகின்றன: மெஷின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருப்பது. ஸ்க்ரூ கழற்றுவதற்காகத் தள்ளிய திசைக் குமிழை மறந்து அப்படியே ஓட்டினால், பிட் ஒரு மி.மீ. கூட இறங்காது, நுனி மட்டும் பழுக்கும். பிட் போகவில்லை என்றால் அழுத்துவதற்கு முன் அந்தக் குமிழைப் பாருங்கள்.

ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கத்தில் ஓட்டை வேண்டாம். வயர் அந்தக் கோட்டில்தான் போகும். குளியலறையில் குழாய்க்கு நேர் மேலும் கீழும் அப்படியே.

டைலுக்கு வருவோம். முதலில் சுவரில் இருப்பது எந்த டைல் என்று தெரிய வேண்டும். கட்டும்போது மிஞ்சிய துண்டு பரணில் இருந்தால் பின்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று உறிஞ்சினால் செராமிக். அப்படியே முத்தாக நின்றால் விட்ரிஃபைடு, அது அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. செராமிக் சுவர் டைலுக்கு ஈட்டி முனை போன்ற கார்பைடு பிட் போதும், விலையும் அதிகமில்லை. ஒரு பிட்டில் பத்து ஓட்டை வரை நிம்மதியாகப் போடலாம். விட்ரிஃபைடு டைலில் அது வெறுமனே வழுக்கும், முனை மழுங்கும். அதற்கு நுனியில் வைரத் துகள் பதித்த குழல் பிட்தான், தண்ணீர் விட்டுக்கொண்டே ஓட்ட வேண்டும். செராமிக்குக்கு வைர பிட் வாங்குவது தண்டச் செலவு, விட்ரிஃபைடுக்கு ஈட்டி பிட் வாங்குவதும் அதேதான்.

இரண்டு டைலிலும் ஒரு விதி பொது. சுத்தியல் அணைந்திருக்க வேண்டும். குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, அதன் மேல் ஈட்டி பிட்டை வைத்து மிக மெதுவாகச் சுற்றத் தொடங்குங்கள். குழல் பிட்டுக்கு நடுவில் முனை இல்லை, நேராக வைத்தால் ஓடிவிடும். சாய்த்து வைத்துப் பிறைநிலா மாதிரி ஒரு கீறல் விழுந்ததும் மெல்ல நிமிர்த்துங்கள். டைலைத் தாண்டியதும் பிட்டை மாற்றிச் சுவர் பிட்டைப் போட்டு, அது டைலின் விளிம்பில் படாமல் உள்ளே நுழைந்த பிறகுதான் சுத்தியல். பிளக்கில் ஸ்க்ரூவை லேசாக மாட்டி, அதன் தலையில் தட்டி, பிளக்கை டைலின் கனத்துக்கும் உள்ளே தள்ளிவிட வேண்டும். பிளக் டைலுக்குள்ளேயே நின்றால், ஸ்க்ரூ முறுகும்போது அது விரிந்து டைலைப் பிளக்கும். ஓட்டை போடும்போது தப்பிய டைல் கடைசி முறுக்கில் விரிசல் விடுவது இதனால்தான். இரண்டு டைலுக்கு நடுவே இருக்கும் கோட்டில் போட்டால் பத்திரம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. கோடே 2, 3 மி.மீ.தான், 6 மி.மீ. பிட் இரண்டு டைலின் விளிம்பையும் சேர்த்துக் கடிக்கும்.

மரத்துக்கென்று தனியாக வாங்குவதைத் தள்ளிப்போடலாம். ஒரு காலத்தில் ஆசாரிகள் தமரூசியால் செய்த வேலை, ஸ்க்ரூவுக்கு வழி வெட்டுவது, இன்று 3 மி.மீ. இரும்பு பிட்டால் ஆகிவிடும். பிளைவுட்டிலும் தேக்கிலும் 8 நம்பர் ஸ்க்ரூவுக்கு 3 மி.மீ. ஓட்டை சரி. மேல் பலகையில் மட்டும் 5 மி.மீ. போட வேண்டும். அந்தப் பலகையில் ஸ்க்ரூ கடிக்காமல் வழுக்கிப் போனால்தான் இரண்டு பலகையும் இறுகி ஒட்டும். மேல் பலகைக்கும் 3 மி.மீ. போட்டுவிட்டு, எவ்வளவு முறுக்கியும் நடுவில் இடைவெளி மூடவில்லையே என்று பலர் திணறுவதுண்டு. 3 மி.மீ.யில் இரண்டு வாங்கச் சொன்னதற்குக் காரணம் எளிது, அது உடையும்.

பிளைவுட்டில் பின்பக்கம் சிம்பு பெயராமல் இருக்க, பின்னால் வேண்டாத மரத்துண்டு ஒன்றை அழுத்திப் பிடியுங்கள். நடுவில் ஊசி முனை உள்ள மர பிட்டின் வேலை இன்னும் சுத்தமாக இருக்கும். ஆனால் லேமினேட் ஒட்டிய கதவில் கைப்பிடி மாட்டுவது போன்ற கண்ணுக்குத் தெரியும் வேலை வரும்போது வாங்கிக்கொள்ளலாம். அலமாரிக் கதவின் ஆட்டோ ஹிஞ்சுக்கு, அதாவது தானாக மூடும் கீலுக்கு, 35 மி.மீ. கிண்ண பிட் ஒன்று வேண்டும். கதவின் விளிம்பிலிருந்து ஓட்டையின் நடு 22 மி.மீ. அளவில், ஆழம் 12 முதல் 13 மி.மீ. கதவு 18 மி.மீ. பிளைவுட் என்றால் அடியில் ஐந்து மி.மீ.தான் மிச்சம். கிண்ண பிட்டின் நடு ஊசி நீளமாக இருந்தால் வெளிப்பக்கம் துருத்திவிடும். வாங்கும்போதே ஊசி நீளத்தைப் பாருங்கள், நீளமாக இருந்தால் அரத்தால் ராவிக்கொள்ளுங்கள்.

இரும்பில் மலிவு பிட் பல்லைக் காட்டும். அதனால் இங்கே கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். சென்னை அடிசன், மிராண்டா போன்ற நம் ஊர்க் கம்பெனிகளின் ஹெச்.எஸ்.எஸ். பிட்டுகளே பட்டறைகளில் ஓடுகின்றன. வெளிநாட்டுப் பெயர் தேட அவசியமில்லை. போலி வருவதும் உண்டு என்பதால் உதிரி பிட்டைப் பார்த்து எடுங்கள். தண்டில் அளவும் ஹெச்.எஸ்.எஸ். என்ற குறியும் தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும், மை அச்சாக இருக்கக் கூடாது. கடைக் கண்ணாடி மேசையில் உருட்டிப் பாருங்கள், வளைந்திருந்தால் நுனி துள்ளும். நுனியை நேராகப் பார்த்தால் இரண்டு உதடும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். நீளத்தையும் அளக்கலாம். டின் 338 என்ற அளவு முறைப்படி 3 மி.மீ. பிட் 61 மி.மீ., 6 மி.மீ. பிட் 93 மி.மீ., 10 மி.மீ. பிட் 133 மி.மீ. நீளம் இருக்கும். அந்த முறையின் பெயரைப் போட்டுவிட்டு நீளம் குறைந்திருந்தால், மற்றதிலும் குறைந்திருக்கும்.

தங்க நிறம் டைட்டானியம் நைட்ரைடு பூச்சாக இருக்கலாம், வெறும் சாயமாகவும் இருக்கலாம். நிஜப் பூச்சே சில மைக்ரான்தான். அடியில் இருக்கும் எஃகு மட்டமானால் பூச்சு காப்பாற்றாது. நிறம் பூசாத, சாணை பிடித்துப் பளபளக்கும் ஹெச்.எஸ்.எஸ். பிட் அதே விலைக்குக் கிடைத்தால் அதையே எடுங்கள். பெட்டி பிட் நிஜ ஹெச்.எஸ்.எஸ்.தானா என்று தெரிய, ஏற்கெனவே மழுங்கிய ஒன்றைச் சாணைச் சக்கரத்தில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக மத்தாப்பு மாதிரி பூத்துச் சிதறினால் சாதா கார்பன் எஃகு. மங்கிய சிவப்பாக, பூக்காமல், சிக்கனமாகப் பொறி வந்தால் ஹெச்.எஸ்.எஸ். இந்த வேறுபாடு சூட்டில் தெரியும். ஹெச்.எஸ்.எஸ். ஏறக்குறைய 600 டிகிரி வரை கடினம் இழக்காது. கார்பன் எஃகு 200, 250 டிகிரி தாண்டினாலே இளகத் தொடங்கும். நுனி ஒரு முறை நீலமானால் அதோடு சரி.

அந்தச் சூட்டை ஏற்றுவது பெரும்பாலும் விசையை முழுக்க அழுத்தும் விரல். மெஷினில் நிமிடத்துக்கு 2,800 சுற்று என்று எழுதியிருக்கும். சாதா இரும்பில் 6 மி.மீ. பிட்டுக்கு 1,300 சுற்று போதும், 10 மி.மீ.க்கு 800. எவர்சில்வரில் அதிலும் பாதிக்கும் கீழே. வேகத்தைக் குறைத்து அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். சுருள் சுருளாகச் சீவல் வந்தால் சரி. பொடியாக உதிர்ந்தால் பிட் தேய்க்கிறது, வெட்டவில்லை. போடும் இடத்தில் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனை உளியால் ஒரு தட்டு, ஒரு சொட்டு எண்ணெய், 3 மி.மீ.யில் வழி, பிறகு பெரிய பிட். தையல் மெஷின் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ எதுவானாலும் எண்ணெய் இல்லாததைவிட மேல். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய்தான் சரி, இல்லாவிட்டால் சீவல் பிட்டின் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும். பிட் மறுபக்கம் வெளிவரும் அந்த நொடியில் அழுத்தத்தைத் தளர்த்துங்கள். மெல்லிய தகட்டில் 3 மி.மீ. பிட் உடைவதும், கை திருகிக்கொள்வதும் அப்போதுதான்.

எவர்சில்வர் கிரில், கைப்பிடி போன்றவற்றுக்கு மட்டும் எம் 35 என்று பொறித்த கோபால்ட் பிட் வாங்குங்கள், அதில் 5 சதவீதம் கோபால்ட் கலந்திருக்கும். எவர்சில்வர் தேய்க்கத் தேய்க்க இறுகும் உலோகம். தயங்கித் தயங்கித் தொட்டால் மேற்பரப்பு கடினமாகி, அதன் பிறகு எந்தப் பிட்டும் இறங்காது. நுனி 135 டிகிரியில், நடுவில் பிளவு முனையாக வெட்டியிருந்தால் வழுக்காமல் பிடிக்கும். கேட், தகட்டுக்கூரை, மெல்லிய இரும்புக் குழாய் என்றால் பிட்டே வேண்டாம். நுனியிலேயே பிட் உள்ள செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ வாங்கி நேராக ஏற்றிவிடலாம்.

ஹெச்.எஸ்.எஸ். பிட் மழுங்கினால் தூக்கிப் போடாதீர்கள், லேத் பட்டறையில் சாணை பிடித்துத் தருவார்கள். நீங்களே பிடிப்பதானால், இரண்டு ஹெக்ஸ் நட்டுகளைப் பட்டையோடு பட்டை சேர்த்து வையுங்கள். நடுவில் விழும் பள்ளம் 120 டிகிரி. சாதா பிட்டின் நுனி 118. அந்தப் பள்ளத்தில் நுனி இடைவெளியில்லாமல் உட்கார்ந்தால் கோணம் சரி. உதடுகள் சமமா என்பதைப் பழைய மரத்துண்டில் ஒரு ஓட்டை போட்டுப் பார்த்தால் தெரியும்: பிட்டைத் திரும்ப அதில் நுழைத்தால் ஆடக் கூடாது.

சுவர் பிட்டைச் சாதா சாணையில் தீட்ட முடியாது, பச்சை நிறச் சாணைக் கல்லோ வைரச் சக்கரமோ வேண்டும். அந்தச் செலவுக்குப் புதியதே வாங்கிவிடலாம். ஆனாலும் மூலை போன 6 மி.மீ. பிட்டை வைத்திருங்கள். ஏ.ஏ.சி. சுவருக்கும் பழைய சுண்ணாம்புக் காரைச் சுவருக்கும் அது தாராளம். தேய்ந்த மூலையால் ஓட்டை ஒரு நூலிழை இறுக்கமாக விழும். அந்தச் சுவர்களில் பிளக் நிற்பதற்கு அந்த இறுக்கம்தான் தேவை.